பட்டிப்பொல விமலாவும் நானும்

1

போன ஜூலையில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் நிறைந்தது. அதைக் கொண்டாட என் வீட்டுக்காரர் பிரான்சிஸ் என்னை ஒரு ரொக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது சந்தோஷமாகத்தான் போனேன். திரும்பி வந்து நான்கு நாள் இவரோடு பேசவில்லை. அந்தக் கதையை இந்தப் பத்திரிகை மூலமாக ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. இங்கே ஜெர்மனியில் யாரிடம் போய்ச் சொல்வது? இலங்கையில் நோர்வூட் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கோபமே ஆறிவிடும்.

இவர் பேக்கரியில் மாவு பிசைகிறார். கூட வேலை செய்கிற ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டதால், அவர் வாங்கி வைத்திருந்த இரண்டு டிக்கெட்டும் எங்களுக்கு வந்தது. ஆற்றங்கரைப் புல்வெளியில், திறந்த வெளியில், மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும்வரை ஐந்து குழுக்கள் வாசிக்கும் என்று அதில் போட்டிருந்தது.

மகள் ஸ்டெல்லாவுக்குப் பன்னிரண்டு வயது. விஷயத்தைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வது இரண்டு வருஷமாக நடக்கிறது. அன்றைக்கு மட்டும், எங்களுக்கு நன்றாக விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னாள்.

"அங்க போயி கீழ உக்காராதீங்கம்மா. ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. சாப்பாடு கட்டிக்கிட்டுப் போகாதீங்க. என் கிளாஸ் பிள்ளைங்க வந்து கேட்டா நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

அவளை மேல்மாடி வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் கம்பளியை எடுத்துக்கொண்டோம். ரொட்டி சுட்டு, சம்பல் இடித்துக் கட்டிக்கொண்டோம். ஃபிளாஸ்கில் தேத்தண்ணி. மலைநாட்டில் பிறந்தவர்கள் திறந்த வெளிக் கச்சேரிக்குக் கம்பளி இல்லாமல் போவார்களா? வாசலில் நின்ற காவல்காரன் ஃபிளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுப் பறித்து வைத்துக்கொண்டான். சம்பல் பொட்டலத்தையும் மோந்து பார்த்தான். அதை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

உள்ளே ஆயிரக்கணக்கில் சனம். மகள் சொன்னது சரி, ஒருத்தரும் உட்காரவில்லை. நாங்கள் கம்பளியை விரித்து உட்கார்ந்தோம். மேடை தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன. பத்து நிமிஷத்தில் எழுந்து நின்றுகொண்டோம்.

2

நான் வளர்ந்தது நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தை இசைக்குழுக்கள் பிடித்து ஆட்டிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாரியம்மன் திருவிழாவா, மாதா கோயில் திருநாளா, மைதானத்தில் லொறியை நிறுத்தி அதன்மேல் மேடை கட்டிவிடுவார்கள். சினிமாப் பாட்டு, பொப் பாட்டு, நடுவில் ஒரு சிங்கள பைலா, டவுன் ஆட்கள் கேட்டால் ஓர் இங்கிலீஷ் பாட்டு. இவருக்குப் பகலில் ஹட்டனில் ஒரு ரேடியோ கடையில் வேலை. சனி ஞாயிறில் அப்படி ஒரு குழுவில் கிட்டார்.

அந்தக் கச்சேரிகளில் துண்டு அனுப்புவது ஒரு பெரிய விஷயம். வேண்டிய பாட்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கீழே விரும்பிக் கேட்பவர்களின் பெயரை வரிசையாகப் போட்டு, முன்னால் இருப்பவரிடம் கொடுத்தால் போதும். அது கைக்குக் கை மாறி மேடைக்குப் போய்ச் சேரும். போகிற வழியில் எல்லாரும் படிப்பார்கள். அதில் யாருக்கும் வெட்கமில்லை. அறிவிப்பாளர் அதை மைக்கில் வாசிப்பார்: மேற்கணக்குப் பிரிவு ராமையா, செல்லம்மா, குழந்தைகள் நால்வர், கீழ்க்கணக்குப் பிரிவு மாமா குடும்பத்தார். தன் பெயர் மைக்கில் வருகிற அந்த ஒரு நொடிக்காகவே மூன்று மைல் நடந்து வருகிற ஆட்கள் உண்டு.

வாத்தியார் மகளின் பெயர் மைக்கில் வரலாமா? வந்தால் அப்பா என் தோலை உரித்திருப்பார். முன்வரிசையில் தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டுக்காரர்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான், இரட்டைப் பின்னலும் இழுத்துப் போர்த்திய சால்வையுமாக. மூன்றே கஜ தூரத்தில் இவர் கிட்டாரோடு நிற்பார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அதனால்தான் நான் விமலா ஆனேன். பட்டிப்பொல என்று ஊரையும் போட்டேன். அது ரயில் பாதையில் உச்சியில் கிடக்கிற இடம், நோர்வூட்டில் யாருக்கும் அங்கே ஆள் இல்லை, விசாரிக்க முடியாது. கடலை வாங்கப் போகிறேன் என்று எழுந்து கூட்டத்தின் பின்பக்கம் போவேன். இருட்டத் தொடங்குகிற நேரமாகப் பார்த்து, மடித்து வைத்த துண்டை யாராவது ஒருத்தர் கையில் வைத்து, "மேடைக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன்.

அறிவிப்பாளருக்கு ஆச்சரியம் தாங்காது. "பட்டிப்பொலயிலருந்து கோச்சி ஏறி, பஸ் ஏறி இன்னைக்கும் வந்திருக்காங்க விமலா" என்பார். சனம் கை தட்டும். அப்பாகூட ஒரு தடவை, "யாரு இது, வீட்டுல கேக்க ஆளில்லாத பொண்ணு" என்றார். நான் கடலையை மென்றுகொண்டிருந்தேன்.

பாட்டின் பெயரோடு நிறுத்தியிருந்தால் தொல்லை இல்லை. பெயருக்குக் கீழே, கிட்டார்காரருக்கு மட்டும் என்று இரண்டு வரி எழுதுவேன். 'நடுவில் ஒரு கம்பி அறுந்ததை யாருக்கும் தெரியாமல் சமாளித்தீர்கள். எனக்குத் தெரிந்தது.' 'இன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல், இல்லையா? தெர்மாஸில் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவாருங்கள்.' இந்த மாதிரி. அறிவிப்பாளர் அதை வாசிக்காமல் இவரிடம் கொடுத்துவிடுவார். இவர் படித்துவிட்டுத் தலையைத் தூக்கிக் கூட்டத்தின் கடைசிவரை தேடுவார். முன்வரிசையில் தேட வேண்டும் என்று இந்த மனுஷனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

இரண்டு வருஷத்தில் பதினொரு துண்டு. பதினோராவதில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. 'கடைசிப் பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் வருகிறேன். கையில் கறுப்புக் குடை இருக்கும்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். கடைசிப் பாட்டு முடிந்தது. அம்மாவின் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்து, "எங்க?" என்றார். ஒரே வார்த்தைதான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு விமலா எழுதவில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் அவர் தனியாகக் காத்து நின்றுவிட்டுப் போயிருப்பாரே என்று நினைத்து நினைத்து எத்தனை நாள் அழுதேன் என்று எனக்கே தெரியாது.

3

அடுத்த வருஷமே எங்கள் பங்குச் சாமியார் மூலமாக இவர் வீட்டிலிருந்து சம்பந்தம் கேட்டு வந்தார்கள். விமலாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வாத்தியார் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சாமியார் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். கிட்டார் அடிக்கிறவனுக்கா என்று அப்பா குதித்தார். அதற்குமுன் வந்த இரண்டு மாப்பிள்ளைகளுக்குத் தலையாட்டாத நான் இதற்கு மட்டும் தலையாட்டினேன். எனக்குக் கர்த்தரே கையெழுத்துப் போட்டு அனுப்பியது மாதிரி இருந்தது.

கல்யாணமான இரண்டாவது மாதம் இவர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே பத்துத் துண்டுகள். என் எழுத்து. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு மாதிரி என்னய யாரும் கவனிச்சதில்ல. நல்ல ஒசரம். கண்ணு மட்டும் அப்படியே பேசும்."

நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. என் கண் பேசும் என்று என் அம்மாகூடச் சொன்னதில்லை. மனுஷன் துண்டுகளை வைத்துக்கொண்டு மனதுக்குள் ஓர் உருவம் செய்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அது நான்தான் என்று சொன்னால் அந்த உயரத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். பதினோராவது துண்டு டின்னில் இல்லை. வீணாகக் காத்திருந்த கோபத்தில் கிழித்துப் போட்டிருப்பார் என்று அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சியைச் சேர்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். மழை பெய்தால், "இப்ப பட்டிப்பொலயில பனி மூடியிருக்கும்" என்பார். குழம்பு நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். உப்புக் குறைந்தால், "கவனமா செய்யிறவங்களும் இருக்கத்தான் செய்யிறாங்க" என்பார். குழந்தை பிறந்தபோது பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் "விமலா" என்றார். பிரசவித்து இரண்டு நாள்கூட ஆகாத உடம்போடு எழுந்து உட்கார்ந்து நான் போட்ட சண்டையை டிக்கோயா ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்டது. ஸ்டெல்லா என்று வைத்தோம்.

என்மேல் எனக்கே பொறாமை. இதை யாரிடம் போய்ச் சொல்ல? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் ஹட்டன் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். கிட்டார், தையல் மெஷின், கல்யாண போட்டோ எல்லாம் போனது. எல்லாவற்றுக்கும் அழுதேன். அந்த பிஸ்கட் டின்னுக்கு அழவில்லை. இவர் அதற்கும் அழுதார்.

இங்கே வந்த பிறகும் அவள் விடவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நாங்கள் இங்கே தங்கியிருக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை முத்திரை குத்துவார்கள். அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு படிவம். எங்களில் யாருக்கும் குடும்பப் பெயர் இல்லை என்பதை அவர்களுக்கு விளக்கவே முதல் வருஷம் போய்விட்டது. கடைசியில் என் மாமனாரின் பெயரை மூன்று பேருக்கும் மாட்டிவிட்டார்கள். ஒருநாளும் பார்க்காத மாமனாரின் பெயரால் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் வேறு பெயர்களில் அறியப்பட்டதுண்டா? ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டத்தில் என் பேனா நின்றுவிடும். இல்லை என்று எழுதுவேன். அரசாங்கத்திடம் நான் சொல்லுகிற ஒரே பொய் அதுதான்.

4

கச்சேரிக்கு வருகிறேன். மூன்றாவது குழு வாசித்துக்கொண்டிருந்தது. காது அடைத்துப்போனது. ஆனால் இவரைப் பார்க்க வேண்டுமே. முப்பத்தெட்டு வயது மனுஷன், மாவு பிசைந்து தோள் இறங்கிப் போனவர், கிட்டார்காரனின் விரலைப் பார்த்துத் தன் விரலையும் அசைத்துக்கொண்டிருந்தார். எனக்குக்கூட மனம் இளகியது. கல்யாண நாளுக்கு வந்தது நல்லதுதான் என்று நினைத்தேன். ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் இவர் சட்டைப்பையிலிருந்து பேக்கரிப் பேப்பர் பை ஒன்றை எடுத்துக் கிழித்தார். பென்சிலால் என்னவோ எழுதினார். மடித்தார். முன்னால் நின்ற தலைமுடி வளர்ந்த பையனின் தோளைத் தட்டி, மேடைப் பக்கம் கையைக் காட்டிக் கொடுத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. துண்டு அனுப்புகிறார். பத்தாயிரம் ஜெர்மன்காரர்களுக்கு நடுவில், நோர்வூட் மைதானம் என்று நினைத்துக்கொண்டு துண்டு அனுப்புகிறார்.

"இங்க எவன் வாசிப்பான்? பைத்தியமா ஒங்களுக்கு?" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போனா போகட்டும். ஹட்டன்ல நாங்க வாசிச்ச இங்கிலீஸ் பாட்டு ஒண்ணு கேட்டிருக்கேன். நம்ம பேரெல்லாம் போட்டிருக்கேன்."

"யாரு யாரு பேரு?"

"எல்லாரு பேருந்தான்" என்று மேடையைப் பார்த்தார்.

அந்தப் பையன் துண்டைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எட்டி அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்தில் நான்கு பெயர். முதல் பெயர் விமலா, பட்டிப்பொல. இரண்டாவது இவர் பெயர். மூன்றாவது ஸ்டெல்லா. கடைசியில், பேப்பர் போதாமல் ஓரத்தில் நெருக்கி, என் பெயர், செலின்.

நான் கையை நீட்டுவதற்குள் பையன் தோளைக் குலுக்கிவிட்டு அதை முன்னால் கொடுத்துவிட்டான்.

5

பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போது எனக்கே கூசுகிறது. துண்டைத் துரத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். அது ஒரு வரிசை தாண்டும், நானும் ஒரு வரிசை தாண்டுவேன். மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டே முழங்கையால் இடித்தேன். ஒருத்தரின் பியர் என் சால்வையில் கொட்டியது. பத்துப் பன்னிரண்டு வரிசைக்குப் பிறகு, தலைமயிருக்குப் பச்சைச் சாயம் பூசிய ஒரு பெண்ணின் கையில் அதைப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். "என் புருஷனுடையது" என்றேன். உடனே கொடுத்துவிட்டாள், பாவம்.

திரும்பி வந்து இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சொசேஜ் விற்கிற கடைக்குப் பின்னால் போனேன். அங்கேதான் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழுந்தது.

"இவளுக்கு ஏன் மொத எடம்?"

"பழக்கத்துல வந்திருச்சு. இதுக்குப் போயி..."

"பதினாலு வருசமா சோறு பொங்கிப் போட்டவ பேரு பழக்கத்துல வரல, அவ பேரு வந்திருச்சா?"

"கல்யாண நாளும் அதுவுமா ஆரம்பிக்காத."

"ஆரம்பிக்கத்தான் போறேன். விமலான்னு ஒருத்தியே கிடையாது. அது நான்தான். அத்தனை துண்டும் நான் எழுதினது."

இவர் சிரித்தார். "ஒனக்கு எரிச்சல் வந்தா வாயில வர்றதெல்லாம் பேசுவ. டின்ன தெறந்து நான்தான காட்டினேன், அத வச்சுச் சொல்லுற."

"டின்னுல இல்லாதத சொல்லவா? கடைசிப் பாட்டு முடிஞ்சதும் ஜெனரேட்டர் பக்கம் வாறேன், கையில கறுப்புக் குடை இருக்கும்."

சிரிப்பு நின்றது. கடைக்காரர் சொசேஜைத் திருப்பிப் போடுகிற சத்தம் கேட்டது.

"அத நான் ஒருத்தருக்கும் காட்டினதில்லயே."

"எழுதினவளுக்கு எதுக்குக் காட்டணும்?"

அவ்வளவு நாள் அடக்கி வைத்தது உடைந்துவிட்டது. அழுதேன். "குடையோட எந்திரிச்சேங்க. அப்பா விடல. நீங்க அந்த ஜெனரேட்டர் பக்கத்துல தனியா நின்னிருப்பீங்களேன்னு நெனச்சு நெனச்சு எத்தன நாளு அழுதிருக்கேன் தெரியுமா? அதனாலதான் ஒங்க கிட்ட சொல்லக்கூட எனக்கு மொகமில்ல."

இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபம் இல்லை. குழம்பிப்போன முகம்.

"நான் தனியா நிக்கலயே" என்றார். "அவ வந்தாளே."

"யாரு?"

"விமலா. கறுப்புக் குடையோட வந்தா."

பக்கத்தில் இருந்த பியர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாகக் கேட்டேன், இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மேடைக்குப் பின்னால் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு பெண் குடையோடு வந்து, "நான்தான் விமலா" என்றிருக்கிறாள். நல்ல உயரம். நீலத் தாவணி. ஜெனரேட்டரின் விளக்கில் கண் பளபளத்திருக்கிறது. அழுதிருப்பாள் போல. அவர்கள் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, அடுத்த வாரம் போகிறோம் என்று மட்டும் சொன்னாளாம்.

துண்டு கைக்குக் கை மாறித்தானே போனது? போகிற வழியில் படித்தவர்களில் ஒருத்தி அவள். படித்தாள், பக்கத்தில் யாரிடமோ ஒரு குடையை வாங்கினாள், போனாள். பட்டிப்பொலயும் இல்லை, விமலாவும் இல்லை. எங்கள் பக்கத்து ஏதோ ஒரு தோட்டத்துப் பெண். இவரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள், என்னை மாதிரி. போகிற வாரம் என்பதால் அவளுக்குத் துணிச்சல் வந்திருக்கும்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஹட்டன் டேசனுக்குப் போயி நின்னேன். மூணு வாரம், மூணு ஒப்பாரிக் கோச்சி. எல்லாரும் அழுதுக்கிட்டு ஏறினாங்க. அவளக் காணல."

நம் சனத்தை இந்தியாவுக்கு ஏற்றிப்போன அந்த ரயில்களுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதன் பிளாட்பாரத்தில் என் புருஷன் மூன்று தடவை போய் நின்றிருக்கிறார். எனக்காக அவர் ஓரிடத்திலும் நின்றதில்லை. நேற்றுவரை, உலகத்திலேயே இல்லாத ஒருத்திமேல் பொறாமைப்பட்டேன். இப்போது அவளுக்கு உயரம் இருக்கிறது, தாவணிக்கு நிறம் இருக்கிறது.

"நீங்க யார நெனச்சுக்கிட்டிருந்தீங்க? எழுதினவளயா, வந்து நின்னவளயா?"

"ரெண்டும் ஒருத்தின்னுதானே நெனச்சேன்" என்றார். அதில் பொய் இல்லை. அதனால் அதற்குமேல் சண்டை போடவும் வழியில்லை.

"அவகிட்ட நீங்க என்னா சொன்னீங்க?"

மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னமோ சொன்னேன். ஞாபகமில்ல செலின்."

இவர் சாதாரணமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "இந்தா" என்றுதான் சொல்வார். பொய் சொல்லும்போது மட்டும் பெயர் வரும்.

6

நான்கு நாள் பேசவில்லை என்று தொடக்கத்திலேயே எழுதினேன். ஐந்தாம் நாள் முத்திரை குத்தப் போக வேண்டியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போனால்தான் குத்துவார்கள். வரிசையில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பது? "பேனா இருக்கா?" என்று கேட்டேன். அப்படித்தான் பேச்சு தொடங்கியது. படிவத்தில் அந்தக் கேள்வி வந்தது. வேறு பெயர்களில் அறியப்பட்டதுண்டா? இல்லை என்று எழுதினேன். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. அந்தப் பெயரைத்தான் இன்னொருத்தி கொண்டுபோய்விட்டாளே.

இவர் இப்போது என்னிடம் ரொம்பப் பக்குவமாக நடந்துகொள்கிறார். குழம்பைப் பாராட்டுகிறார். இரண்டு தடவை, "அப்ப கொத்தமல்லித் தண்ணி எழுதினதும் நீதானா?" என்று கேட்டுவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார். ஸ்டெல்லா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கச்சேரியில் என்ன நடந்தது என்று தமிழிலேயே கேட்டாள். ஒன்றுமில்லை, போ என்றேன். அந்த நீலத் தாவணிக்காரியிடம் அவர் சொன்ன வார்த்தையை மட்டும் நானும் எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஞாபகமில்லை செலின், ஞாபகமில்லை செலின். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

இந்தப் பத்திரிகை தமிழ்நாட்டில் நம் ஆட்கள் இருக்கிற இடங்களுக்கும் போகிறது என்று கேள்விப்பட்டேன். நீலகிரிப் பக்கமோ வேறு எங்கேயோ, இங்கே எங்கள் குழந்தைகளை மாதிரி அங்கே உங்கள் குழந்தைகளும் வேறு மாதிரி பேசத் தொடங்கியிருக்கும். அதனால் கடைசியாக இந்த நாலு வரி, நீலத் தாவணி கட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் நோர்வூட் மைதானத்தில் குடையோடு வந்த உங்களுக்கு. நீங்கள் அக்காவா தங்கச்சியா தெரியவில்லை.

நீங்கள் அந்தத் துண்டைப் படித்ததில் எனக்கு மனஸ்தாபமில்லை. நானும் எத்தனையோ பேருடைய துண்டைப் படித்திருக்கிறேன். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், நீங்கள் எழுந்து போனீர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கவில்லை. ஆனால் சண்டைக்கு வரமாட்டேன். இரண்டு வருஷமாக நான் எழுதியதற்கு அவர் சொன்ன ஒரே பதில் உங்களிடம் இருக்கிறது. அது எனக்கு வரவேண்டியது. அவர் என்ன சொன்னாரோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரு தாளில் எழுதி, இந்தப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுங்கள். என் கைக்கு வந்து சேரும்.

மறந்துபோயிற்று என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என்னிடம் சொல்லியிருந்தால் நான் மறந்திருக்க மாட்டேன்.